வைரஸ் வந்திருக்கு, இருக்குற மருந்தையும் குறைக்கிறாங்க. இது சரியா?

கேள்வி, 4 ஜூலை 2023

என் தம்பிக்குக் கிட்னி மாத்தி அஞ்சு மாசம் ஆகுது. அப்பா குடுத்தது. கிட்னி எப்படி வேலை செய்யுதுன்னு காட்டுற கிரியாட்டினின் 1.2, ஆள் நல்லா இருக்கான். போன வாரம் ரத்தத்துல பிகே வைரஸ் 14,000 காப்பின்னு ரிப்போர்ட் வந்துச்சு. வைரஸுக்கு ஏதாச்சும் மருந்து தருவாங்கன்னு பாத்தா, டாக்டர் மைக்கோபீனோலேட் மாத்திரையப் பாதியாக் குறைச்சுட்டு நாலு வாரம் கழிச்சு வரச் சொல்லிட்டார். உடம்பு புதுக் கிட்னிய ஒதுக்கிராம, அதான் ரிஜெக்‌ஷன் ஆகாம இருக்கத்தானே அந்த மாத்திரை? அதையே குறைச்சா எப்படி? வேற டாக்டர்கிட்ட காட்டலாமா?

4 ஜூலை 2023, இரவு 11.10

எனக்கும் இதே கதைதான். 2016 மார்ச்ல மாத்துனது, அம்மா குடுத்தது. ஆகஸ்ட்ல பிகே 38,000. இதே மாதிரி மைக்கோபீனோலேட்டக் குறைச்சாங்க. ரெண்டே மாசத்துல ரிஜெக்‌ஷன். பயாப்சி, மூணு நாள் ஊசி, எல்லாம் பாத்தாச்சு. குறைக்கிறப்ப ஜாக்கிரதை. நான் பட்டது போதும்.

5 ஜூலை, காலை 6.30

ராத்திரி கடையில இருந்து வந்த அலுப்புல எழுதினது. இப்ப படிச்சா பயமுறுத்துற மாதிரி இருக்கு. கேட்ட கேள்விக்குப் பதிலே சொல்லல. தங்கச்சின்னே கூப்பிடறேன், வயசு தெரியாது.

பிகேவுக்குன்னு நிரூபிக்கப்பட்ட மருந்து இல்லம்மா. அதான் விஷயம். சின்ன வயசுல சளி காய்ச்சல் மாதிரி நம்மள்ல முக்கால்வாசிப் பேருக்கு மேல வந்து போயிருக்கும். போனாலும் போகாது, சிறுநீரகத்துலயும் மூத்திரப் பாதையிலயும் சுருண்டு படுத்துக்கும். உடம்போட காவல் ஒழுங்கா இருக்குற வரைக்கும் எந்திரிக்காது. கிட்னி மாத்துனவங்களுக்குக் காவல்காரனுக்கே தூக்க மருந்து குடுத்து வெச்சிருக்கோம். புதுக் கிட்னிய 'யார்ரா நீ'ன்னு அவன் அடிச்சிரக் கூடாதுல்ல. அந்த நேரம் பாத்து இது எந்திரிக்குது.

அதனால வைத்தியமே காவல்காரன அரைத் தூக்கத்துக்குக் கொண்டு வர்றதுதான். வைரஸ அடிக்கிற அளவுக்கு முழிப்பு, கிட்னிய அடிக்காத அளவுக்குத் தூக்கம். உங்க டாக்டர் செஞ்சது சரி.

5 ஜூலை, காலை 6.50

அப்ப ஆசைக்ளோவிர், வால்கான்சிக்ளோவிர் எல்லாம் எதுக்குன்னு கேப்பீங்க. நானும் கேட்டேன். அதெல்லாம் ஹெர்பிஸ் குடும்பத்து வைரஸுக்கு. அந்தக் குடும்பத்து ஆளுங்க தன் டிஎன்ஏவ நகல் எடுக்க சொந்த எந்திரம் வெச்சிருக்காங்க, மருந்து அந்த எந்திரத்துல போய் மாட்டிக்கும். பிகேகிட்ட சொந்த எந்திரம் கிடையாது. நம்ம செல்லோட எந்திரத்த இரவல் வாங்கித்தான் பொழப்பு நடத்துது. அதை நிறுத்தணும்னா நம்ம செல்லையும் சேத்து நிறுத்தணும்.

லெவோஃப்ளாக்சசின்னு ஒரு ஆன்டிபயாடிக் குடுத்தா பிகேவத் தடுக்கலாம்னு ஒரு பேச்சு இருந்துச்சு. கனடாவுல முறையா ஆய்வு பண்ணி 2014ல வெளியிட்டாங்க. பலன் இல்ல. யாராச்சும் அதை இன்னும் சொன்னா நம்பாதீங்க.

7 ஜூலை, மதியம்

தங்கச்சி கீழ எழுதுனத இப்பத்தான் பாத்தேன். நான் முதல்ல எழுதினதப் படிச்சுட்டு தம்பிய மறுபடி பழைய டோஸே போடச் சொல்லிட்டீங்களாமே. வேணாம்மா. இன்னைக்கே டாக்டர் எழுதிக் குடுத்தத மட்டும் போடச் சொல்லுங்க, இந்த ரெண்டு நாள் மாத்திப் போட்டதையும் டாக்டருக்குப் போன் பண்ணிச் சொல்லிருங்க. நான் ராத்திரி ஃபைல எடுத்துப் பாத்துட்டு எழுதறேன். என் கதைய நான் சரியாச் சொல்லல.

7 ஜூலை, இரவு 12.05

பரண்ல இருந்து ஃபைல் எடுத்தாச்சு. 2016 செப்டம்பர் 3: மைக்கோபீனோலேட் ஒரு கிராம் ரெண்டு வேளை இருந்தது 500 ரெண்டு வேளை ஆச்சு. டாக்ரோலிமஸ் (அதுவும் ரிஜெக்‌ஷனத் தடுக்குற மாத்திரைதான்) ரத்தத்துல இருக்குற லெவல் 7.8. அக்டோபர் 1: லெவல் 6.1, கிரியாட்டினின் 1.3, பிகே 29,000. எல்லாம் ஒழுங்கு. அக்டோபர் 24: கிரியாட்டினின் 1.9. டாக்ரோ லெவல் 2.1.

2.1. மைக்கோபீனோலேட்டக் குறைச்சா டாக்ரோ லெவல் எதுக்கு விழணும்? ரெண்டும் வேற வேற மாத்திரை.

ஃபைலோட என் வீட்டுக்காரம்மாவோட மாத்திரை நோட்டும் இருந்துச்சு. மாசக் கடைசியில எந்த மாத்திரை எத்தனை மீதின்னு எழுதி வெப்பா, கடைச் சிட்டை மாதிரி. அக்டோபர் பக்கத்துல 'டாக்ரோ 1 மி.கி. மீதி 22'. எனக்கு ராத்திரி வேளைக்கு ரெண்டு. பதினொரு நாள்.

சொல்லிர்றேன். அந்தப் பதினொரு நாளும் ராத்திரி டாக்ரோவ நான் போடல. கை நடுக்கம் அப்ப ரொம்ப இருந்துச்சு, கணக்குப் புத்தகத்துல எழுதினா எட்டு, மூணு மாதிரி தெரியும். அது டாக்ரோவோட வேலைன்னு எல்லாருக்கும் தெரியும். கூடவே ஒரு அரைகுறை அறிவு: 'மருந்து குறைஞ்சா வைரஸ் குறையுதுல்ல, இன்னும் குறைச்சா இன்னும் சீக்கிரம் போகும்'. டாக்டர் ரெண்டு தடவை கேட்டார், மாத்திரை எதாச்சும் விட்டீங்களான்னு. இல்ல சார்னு ரெண்டு தடவையும் சொன்னேன். வீட்லயும் சொல்லல. ஏழு வருஷமா 'மருந்தக் குறைச்சாங்க, ரிஜெக்‌ஷன் வந்துச்சு'ன்னே சொல்லிட்டு வந்து, நானே அத நம்பிட்டேன் போல.

8 ஜூலை

அதுக்கப்புறம் நடந்ததையும் எழுதிர்றேன், பாதியில விட்டா தப்பாப் போகும். ரிஜெக்‌ஷனுக்கு மெத்தில்பிரெட்னிசலோன் மூணு நாள். அது காவல்காரன மொத்தமா மயக்கிப் போடுற மருந்து. அடுத்த மாசம் பிகே 61,000. ஒரு பக்கம் ஏத்தினா அந்தப் பக்கம், இறக்கினா இந்தப் பக்கம். பழைய தராசுல மொளகா நிறுக்கிற மாதிரி மாசாமாசம் கொஞ்சம் கொஞ்சமா இறக்கி, ரத்தத்துல வைரஸ் இல்லன்னு வர 2017 ஜூன் ஆச்சு. என் கிரியாட்டினின் அதுலருந்து 1.6. பழைய 1.3 திரும்பி வரவே இல்ல. அந்த 0.3க்கு யார் பொறுப்புன்னு இத்தனை நாள் வேற ஆளக் கைகாட்டிட்டு இருந்தேன்.

குறைக்கிறதால ரிஜெக்‌ஷன் வரவே வராதுன்னு சொல்லல. வரலாம். அதனாலதான் குறைச்சுட்டு சும்மா அனுப்ப மாட்டாங்க, கிரியாட்டினினும் லெவலும் ரெண்டு வாரத்துக்கு ஒருக்கா பாக்கச் சொல்லுவாங்க. உங்க தம்பிக்கு நாலு வாரம்னு சொன்னது பிசிஆருக்கா (ரத்தத்துல வைரஸ் எவ்வளவுன்னு எண்ணுற டெஸ்ட்) எல்லாத்துக்குமான்னு கேட்டுக்கங்க.

8 ஜூலை, சாயங்காலம்

டாக்டர்கிட்ட கேட்டுட்டீங்களா, நல்லது. கிரியாட் ரெண்டு வாரத்துல, பிசிஆர் நாலு வாரத்துல. அப்படித்தான்.

15 ஜூலை

தங்கச்சி மூத்திர ரிப்போர்ட்டப் போட்டோ எடுத்துப் போட்டிருக்காங்க. ஆறு கோடி. பதறாதீங்க. மூத்திரத்துல பெரும்பாலும் கோடிக் கணக்குல வரும், ரத்தத்துல ஆயிரக் கணக்கு. ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வெச்சுப் பாக்கக் கூடாது. மூத்திரத்துல வர்ற எல்லாருக்கும் ரத்தத்துல வராது. ரத்தத்துல வந்த எல்லாருக்கும் கிட்னி கெடாது. டாக்டருங்க முடிவு எடுக்குறது ரத்தத்த வெச்சு. பொதுவா ஆயிரம் தாண்டி நின்னா யோசிப்பாங்க, பத்தாயிரம் தாண்டினா பெரும்பாலும் குறைச்சிருவாங்க.

கிரியாட்டினின் நல்லாத்தானே இருக்கு, எதுக்குப் பிசிஆர்னு ஒருத்தர் கேட்டிருக்கார். கிரியாட் ஏறுற வரைக்கும் காத்திருந்தா கிட்னிக்குள்ள தழும்பு விழ ஆரம்பிச்சிருக்கும். அதுக்கு முன்னாடியே பிடிக்கத்தான் முதல் ஒன்பது மாசம் மாசாமாசம் பாக்குறது.

15 ஜூலை, கூடுதலா ஒண்ணு

பிகேங்கிறது பேரு இல்ல, ஒரு மனுஷனோட முதலெழுத்து. சூடான்ல இருந்து லண்டனுக்கு வந்து கிட்னி மாத்துன ஒருத்தர். அவர் மூத்திரத்துல இருந்துதான் முதல்ல பிரிச்சு எடுத்து 1971ல எழுதினாங்க. அதே 1971லதான் வேலூர் சிஎம்சியில இந்தியாவுலயே முதல் தடவையா வெற்றிகரமா கிட்னி மாத்துனாங்க. நாம ஆரம்பிச்ச வருஷமே இதுவும் ரிஜிஸ்டர்ல பேரு குடுத்திருச்சு.

16 ஜூலை

'டோனர் கிட்னியோட வந்த இலவச இணைப்பு'ன்னு நான் இன்னொரு இடத்துல ஜோக் அடிச்சிருந்தேன். எடுத்துட்டேன். பெரும்பாலும் குடுத்தவங்க கிட்னியிலயே தூங்கிட்டு வர்றது உண்மைதான். ஆனா 2016ல டாக்டர் இத எங்கிட்ட விளக்கிட்டு இருந்தப்ப எங்கம்மா பக்கத்துல உக்காந்திருந்துச்சு. வீட்டுக்கு வந்து ரெண்டு நாள் சரியாச் சாப்பிடல. 'நோவு புடிச்சதையாடா உனக்குக் குடுத்தேன்'. தங்கச்சி, உங்கப்பாகிட்ட இந்தப் பகுதிய மட்டும் சொல்லாதீங்க. உலகத்துல முக்கால்வாசிப் பேர் கிட்னியில இருக்குறதுதான்னு மட்டும் சொல்லுங்க, அதுவும் உண்மைதான்.

4 ஆகஸ்ட்

14,000ல இருந்து 22,000. ஏறிருச்சேன்னு கேக்குறீங்க. ஏறல, இறங்கவும் இல்லன்னு வெச்சுக்கங்க. இந்தப் பரிசோதனையில மூணு மடங்குக்குள்ள மாறினா அத மாற்றமாவே எடுத்துக்க மாட்டாங்க. ஒரே ரத்தத்த ரெண்டு லேபுக்குக் குடுத்தா ரெண்டு நம்பர் வரும். அதனால லேப மட்டும் மாத்தாதீங்க, நூறு எறநூறு கம்மின்னு போகாதீங்க.

இறங்கறதுக்கு மாசக் கணக்காகும். டாக்ரோவையும் கொஞ்சம் இறக்குவார்னு நினைக்கிறேன். அவர் இறக்கட்டும். தம்பி இறக்க வேணாம். (எனக்குச் சொல்லத் தகுதி உண்டா இல்லையான்னு நீங்களே முடிவு பண்ணிக்கங்க.)

5 ஆகஸ்ட்

டாக்டரும் அதேதான் சொன்னாரா? டாக்ரோ லெவல் டார்கெட் 8ல இருந்து 6க்கா? சரி சரி. நான் டாக்டர் இல்ல, ஹார்டுவேர் கடைக் கணக்குப்பிள்ளை. பழகின தடம்.

6 ஆகஸ்ட்

டாக்ரோ லெவல்னு வந்ததால ஒரு விஷயம். ரத்தம் குடுத்த பிறகுதான் காலை மாத்திரை. முந்தின ராத்திரி மாத்திரைக்கும் ரத்தத்துக்கும் நடுவுல பன்னெண்டு மணி நேரம் இருக்கணும். 2018ல ஒரு தடவை மறந்து எட்டு மணிக்கு மாத்திரையப் போட்டுட்டுப் பத்து மணிக்கு ரத்தம் குடுத்தேன். லெவல் 17. டோஸக் குறைக்கப் பேனாவ எடுத்துட்டார். அப்ப மட்டும் வாயத் திறந்து உண்மையச் சொன்னேன். மறுநாள் சரியா எடுத்தா 5.9.

19 செப்டம்பர்

நடுவுல ஒரு அண்ணன் கேட்டிருக்கார், நிலவேம்பும் சீந்திலும் குடிச்சு எதிர்ப்பு சக்தியக் கூட்டினா வைரஸ் போயிராதான்னு. அண்ணே, நமக்குக் கூட்டக் கூடாதுண்ணே. நாம மாசாமாசம் ஆஸ்பத்திரி க்யூவுல நின்னு மாத்திரை வாங்கிக் குறைச்சுட்டு இருக்கோம். உண்மையிலேயே அது கூட்டுதுன்னா கிட்னிக்கு ஆபத்து, கூட்டலேன்னா எதுக்குக் கசப்பு? சீந்தில் குடிச்சுக் கல்லீரல் கெட்டுப் போனதா 2021ல மும்பை டாக்டருங்க எழுதினாங்க, ஆயுஷ் அமைச்சகம் மறுத்துச்சு. அவங்க சண்டை அவங்களுக்கு. மாத்துக் கிட்னி வெச்சிருக்கவங்க அதுல பரிசோதனை எலியாக வேணாம்.

பம்பளிமாஸும் வேணாம். அது வேற காரணம், டாக்ரோவ உடம்பு செரிக்கிறதத் தடுத்து லெவல ஏத்தி விட்டுரும். கிளாரித்ரோமைசின், ஃப்ளூகோனசோலும் அப்படித்தான். ரிஃபாம்பிசின் நேர்மாறு, லெவலத் தரைக்குக் கொண்டு வந்துரும். கோவிட் சமயத்துல பாக்ஸ்லோவிட்னு வந்துச்சே, அதுல இருக்குற ரிட்டோனாவிர் இதுல ராட்சசன். எந்த டாக்டர் எழுதினாலும், பல் டாக்டரா இருந்தாலும், 'சார் நான் டாக்ரோலிமஸ் போடறேன்'னு முதல் வரியாச் சொல்லிருங்க.

2 அக்டோபர்

தங்கச்சி: 9,000. சொன்னேன்ல.

11 அக்டோபர், இரவு

புதுசா ஒருத்தர் மனைவிக்குக் கேட்டிருக்கார். மாத்தி நாலு மாசம். வால்கான்சிக்ளோவிர் மூணு மாசம் போட்டு நிறுத்தியாச்சு. இப்பக் காய்ச்சல், அஞ்சு நாளா வயித்தால போகுது, வெள்ளையணு 2,400. ஹோட்டல் சாப்பாடு ஒத்துக்கலன்னு நினைக்கிறார்.

ஐயா, நாளைக்குக் காலையில ஆஸ்பத்திரி. சிஎம்வி (சைட்டோமெகலோ வைரஸ், ஹெர்பிஸ் குடும்பத்து ஆள்) பிசிஆர் பாக்கணும்னு நீங்களே வாயத் திறந்து கேளுங்க. தடுப்பு மாத்திரை நிறுத்தின அடுத்த சில வாரத்துலதான் சிஎம்வி வாலாட்டும். இது பிகே மாதிரி இல்ல, இதுக்கு மருந்து இருக்கு. ஆனா தாமதிச்சா குடல், நுரையீரல்னு போயிரும்.

வெள்ளையணு குறையிறதுக்கு மூணு பேரைச் சந்தேகப்படணும். சிஎம்வியும் குறைக்கும், வால்கான்சிக்ளோவிரும் குறைக்கும், மைக்கோபீனோலேட்டும் குறைக்கும். போலீசும் திருடனும் ஒரே சட்டை போட்டிருக்காங்க. அதனால வீட்டுலயே ஒண்ண நிறுத்திப் பாக்கலாம்னு இறங்காதீங்க. வால்கான்சிக்ளோவிரத் தேவைக்குக் கம்மியாப் போட்டா வைரஸ் அதுக்குப் பழகிரும், அப்புறம் அந்த மருந்தே வேலை செய்யாது.

11 அக்டோபர், திரும்பவும்

விட்டுட்டேன். 'வயித்தால போறதால மாத்திரை உடம்புல நிக்காது, ஒண்ணு சேத்துப் போடலாமா'ன்னு கேட்டிருந்தார். வேணாம்! டாக்ரோ விஷயத்துல தலைகீழ். வயித்துப்போக்குல குடல் சுவர் புண்ணாகி, வழக்கமா வழியிலயே உடையிற மருந்து உடையாம உள்ள போயிரும். லெவல் ஏறும். நாளைக்கு லெவலும் சேத்து எடுக்கச் சொல்லுங்க.

14 அக்டோபர்

சிஎம்விதான். ஊசியில கான்சிக்ளோவிர் ஆரம்பிச்சாச்சாம், மைக்கோபீனோலேட்ட நிறுத்தி வெச்சிருக்காங்க. டாக்ரோ லெவல் 14.6. ஒண்ணு சேத்துப் போட்டிருந்தா என்ன ஆயிருக்கும்னு நினைச்சா வயித்தக் கலக்குது.

நம்ம ஊர்ல பெரியவங்க கிட்டத்தட்ட எல்லாருக்குமே சிஎம்வி ஏற்கனவே வந்து போனதுதான். அதனால வெளிநாட்டுல பயப்படுற 'குடுத்தவருக்கு இருந்து வாங்கினவருக்கு இல்லாத' ஜோடி இங்க கம்மி. அந்த ஜோடிக்கு எறநூறு நாள் தடுப்பு மாத்திரை குடுப்பாங்க. இங்க பல இடத்துல மூணு மாசம்.

26 நவம்பர்

தங்கச்சி: 1,400. கிரியாட் 1.2லயே நிக்குது. இனி நான் என்ன எழுதறது, எனக்கு வேலை இல்ல.

9 ஜனவரி 2024

வேலை வந்துருச்சு. வீட்ல சின்னம்மை. என் சின்ன மக, யூகேஜி. ஸ்கூல்ல வாங்கிட்டு வந்தது.

எங்கம்மா வாசல்ல வேப்பிலை சொருகிருச்சு, அடுப்புல தாளிப்பு நிறுத்தியாச்சு. அதெல்லாம் எனக்குச் சம்மதம். 'ஆத்தா வந்திருக்கறப்ப வீட்ல யாரும் இங்கிலீஷ் மாத்திரை போடக் கூடாது, நீயும்தான்'னு சொன்னப்பத்தான் தகராறு. 'கிட்னியக் குடுத்தவ சொல்றேன், கேளு.' இதுக்கு என்ன பதில் சொல்றது? 'நீ குடுத்ததக் காப்பாத்தத்தாம்மா போடறேன்'னு சொல்லிட்டு, தம்பி வீட்டுக்குப் பையத் தூக்கிட்டு வந்துட்டேன்.

டாக்டருக்குப் போன் பண்ணியாச்சு. எனக்குச் சின்ன வயசுல அம்மை போட்டிருக்கு, மாத்துறதுக்கு முன்னாடி எடுத்த டெஸ்ட்லயும் எதிர்ப்பு இருக்குன்னு இருந்துச்சு. அதனால தப்பிச்சேன். அம்மை போடாதவங்களா இருந்தா, அம்மை வந்தவங்ககூட இருந்த சில நாளுக்குள்ள இம்யூனோகுளோபுலின் (ரெடிமேடா எதிர்ப்புப் பொருள் இருக்குற ஊசி) இல்லன்னா ஆசைக்ளோவிர்னு ஓட வேண்டியிருக்கும். நம்மளுக்கு அம்மை வந்தா அது தோலோட நிக்காது. மாத்துறதுக்கு முன்னாடியே அம்மைத் தடுப்பூசி பத்திக் கேட்டுருங்க, மாத்தினப்புறம் அது உயிருள்ள வைரஸ் ஊசி, போட மாட்டாங்க. வரிசையில இருக்கறவங்க யாராச்சும் இதப் படிச்சா உங்களுக்குத்தான் சொல்றேன்.

21 ஜனவரி

புள்ளைக்குத் தலைக்குத் தண்ணி ஊத்தியாச்சு. வீட்டுக்கு வந்துட்டேன். அம்மா பேசுது, ஆனா பாதிதான்.

17 பிப்ரவரி

தங்கச்சி ரிப்போர்ட்: 'கண்டறியப்படவில்லை'. எனக்கே வந்த மாதிரி இருந்துச்சு. மைக்கோபீனோலேட்ட மறுபடி ஏத்துவாங்களான்னு கேட்டிருக்கீங்க. சிலருக்கு ஏத்துவாங்க, சிலருக்கு அப்படியே விட்டுருவாங்க. எனக்கு விட்டுட்டாங்க. பிசிஆர மட்டும் நிறுத்திராதீங்க, ரெண்டு வருஷம் வரைக்கும் மூணு மாசத்துக்கு ஒண்ணு.

2 மார்ச்

நேத்து செக்கப். பழைய டாக்டரேதான். 22 மாத்திரைக் கதையச் சொல்லிட்டேன். ஏழு வருஷம் நாலு மாசம் கழிச்சு. அவர் கம்ப்யூட்டர்ல இருந்து கண்ண எடுக்கல. 'தெரியும். லெவல் 2.1 இருந்துச்சே'ன்னார். அப்ப ஏன் சார் கேக்கலன்னேன். 'ரெண்டு தடவை கேட்டேன்'னார்.

வீட்டுக்காரம்மாகிட்டயும் ராத்திரி சொன்னேன். அவ நோட்ட எடுத்துட்டு வந்து அந்தப் பக்கத்தக் காட்டினா. 22க்குக் கீழ சின்னதா ஒரு கோடு போட்டிருக்கா. போன ஜூலையில எனக்குக் கண்ணுல படல.

2 மார்ச், திருத்தம்

முதல்ல பிகே 38,000 ஆகஸ்ட்லன்னு எழுதினேன். ஃபைல்படி ரத்தம் எடுத்தது ஆகஸ்ட் 29, ரிப்போர்ட் வந்தது செப்டம்பர் 2. அடுத்த நாள்தான் மருந்தக் குறைச்சிருக்காங்க.